ராமநாதபுரம் கரையில் சாண எரிவாயு: சாணம், தண்ணீர், உப்பு

சாண எரிவாயுக் கலன் கட்ட நினைப்பவரிடம் எல்லோரும் ஒப்பிக்கும் கணக்கு ஒன்று உண்டு: நாலு மாடு இருந்தால் 2 கன மீட்டர் கலன், அதில் நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு முழுச் சமையல். கணக்கு சரிதான். ஆனால் அது வருஷம் முழுக்கத் தொழுவத்தில் கட்டிப்போட்டுத் தீனி வைக்கிற மாட்டுக்கான கணக்கு. திருப்பாலைக்குடி, வாலிநோக்கம், சாயல்குடிப் பக்கம் விடிந்ததும் அவிழ்த்துவிட்டு, தரவை என்கிற மேய்ச்சல் தரிசிலும் அறுப்பு முடிந்த வயலிலும் மேய்ந்து, பொழுது சாயும்போது வீடு திரும்புகிற நாட்டு மாடு அந்தக் கணக்குக்குள் அடங்காது. பகலில் அது போடும் சாணம் மேய்ந்த இடத்திலேயே கிடக்கும். ராத்திரி தொழுவில் விழுவது மட்டும்தான் வீட்டுக்காரர் கைக்கு வரும்.

ராமநாதபுரம் கடற்கரையில் சாண எரிவாயு நன்றாகவே எடுக்கலாம். இந்த வெயில் அதற்கென்றே வாய்த்த வெயில். ஆனால் எந்த வீட்டில் கட்டலாம், எந்த வீட்டில் வேண்டாம் என்பதை மாட்டுத் தலைகளை எண்ணி முடிவு செய்ய முடியாது. சாணம் கைக்கு வருகிறதா, கரைக்க நல்ல தண்ணீர் இருக்கிறதா, வாயு எடுத்தபின் வெளியே வரும் கரைசலை, அதாவது ஸ்லரியை, வாங்கிக்கொள்ள ஈரமுள்ள மண் பக்கத்தில் இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் கலன் சில வருஷத்தில் கோழி அடைகிற இடமாகிவிடும்.

முதலில் அளவு. புதுச் சாணம் 25 கிலோவுக்கு ஏறக்குறைய 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். 2 கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நன்றாகத் தின்னும் கலப்பினக் கறவை மாடு நாளைக்கு 15 கிலோவும் அதற்கு மேலும் போடும். அப்படி மூன்று நான்கு இருந்தால் போதும். மேய்ந்து வரும் நாட்டு மாட்டில் ராத்திரிச் சாணம் 4, 5 கிலோ தேறினால் அதிகம். அப்போது பத்து மாடு வேண்டியிருக்கும். கலனைப் பெரிதாகக் கட்டிவிட்டுப் பாதிச் சாணம் போட்டால் வாயுவும் பாதிதான் வரும். காலையில் இட்லி வெந்துவிடும், மத்தியானம் உலை கொதிப்பதற்குள் அடுப்பு அடங்கிவிடும். ஒரு மாதம் இப்படிப் போனால் அந்த வீட்டுப் பெண்கள் கலனை நம்பிச் சமைப்பதையே விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கிடைக்கும் வாயுவின் மதிப்பு என்ன? 1 கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். 2 கன மீட்டர் கலன் முழு வேகத்தில் ஓடினால் பதினாறு நாளைக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். சிறு குடும்பத்துக்கு இது தாராளம்.

கலனுக்குள் நடப்பது மாட்டின் இரைப்பையில் தொடங்கியதன் தொடர்ச்சி. அங்கே இருக்கிற அதே வகை நுண்ணுயிர்கள்தான் சாணத்தோடு வெளியே வந்து, காற்றுப் புகாத கலனுக்குள் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. ஒரு கூட்டம் நாரையும் மாவுப்பொருளையும் சர்க்கரையாகச் சிதைக்கும். அடுத்த கூட்டம் அதை அமிலங்களாக மாற்றும். கடைசிக் கூட்டம் அமிலத்திலிருந்து மீத்தேன் எடுக்கும். இந்தக் கடைசிக் கூட்டம்தான் நோஞ்சான். மெதுவாகப் பெருகும், புளிப்புத் தாங்காது, உப்புத் தாங்காது, திடீர் மாற்றம் எதையும் தாங்காது. கல்யாண வீட்டுச் சோற்றையெல்லாம் ஒரே நாளில் கலனில் கொட்டினால், முன்னால் இருக்கிற கூட்டங்கள் அமிலத்தைக் குவித்துவிடும், பின்னால் இருக்கிற கூட்டம் அதைத் தின்று தீர்க்க முடியாமல் செத்துப்போகும். கலன் புளித்துவிட்டது என்பது இதைத்தான். சில நாள் தீனியை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிவு ஊற்றினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

நல்லபடியாக ஓடும் கலனின் வாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு, அப்புறம் நீராவி, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அந்தக் கடைசிச் சரக்கிலிருந்து வருவது. புதுக் கலனில் முதலில் வரும் வாயு பற்றி எரியாது. அதில் கரியமில வாயுவே அதிகம். அதைத் திறந்துவிட்டுவிட்டு இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிற கலனிலிருந்து நாலு வாளி பழைய ஸ்லரி கொண்டுவந்து ஊற்றினால் காத்திருப்பு குறையும்.

மீத்தேன் எடுக்கும் கூட்டத்துக்குப் பிடித்த சூடு 35 டிகிரியை ஒட்டியது. வட இந்தியாவில் மார்கழி, தை மாதங்களில் வாயு பாதியாகக் குறைந்துபோகும். அதனால்தான் அங்கே சாணத்தைக் கலனுக்குள் 55 நாள் வரை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 30 நாள் போதும் என்று வைத்திருக்கிறார்கள். அதே அளவு வாயுவுக்குச் சின்னக் கலன், குறைந்த செங்கல், குறைந்த சிமெண்ட். ராமநாதபுரத்தில் கலனை நிறுத்துவது குளிரல்ல, கோடை. பங்குனி தொடங்கிவிட்டால் தரவையில் புல் இருக்காது, படப்பில் வைக்கோல் கரைந்துகொண்டே போகும், மாட்டுக்குத் தீனி குறையும், சாணமும் குறையும். சித்திரை, வைகாசி, ஆனியில் வரும் சாணத்தை வைத்துக் கலனின் அளவை முடிவு செய்கிறவர் தப்பிப்பார். தை மாதத்துச் சாணத்தைப் பார்த்துக் கட்டுகிறவர் ஏமாந்துபோவார்.

இந்தியாவில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு வயது நூற்றுக்கு மேல். பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் 1897இலேயே கழிவிலிருந்து வாயு எடுத்திருக்கிறார்கள். 1950களில் ஜஷ்பாய் படேல் உருவாக்கிய மிதக்கும் டிரம் கலனை 1960களின் தொடக்கத்தில் காதி கிராமத் தொழில் ஆணையம் எடுத்துக்கொண்டு நாடெங்கும் பரப்பியது. நம் ஊர்க்காரர்கள் கோபர் கேஸ் என்றதும் நினைப்பது அந்த இரும்பு டிரம்மைத்தான்: கிணறு போல ஒரு தொட்டி, அதன் மேல் கவிழ்த்த டிரம், வாயு சேரச் சேர மேலே எழும்பும், அடுப்பு எரிய எரியக் கீழே இறங்கும். கண்ணால் பார்த்தே வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். எளிமையான, நேர்மையான வடிவம்.

கடற்கரையில் அதற்கு ஒரு எதிரி: துரு. உள்ளே இருந்து ஹைட்ரஜன் சல்பைடு தின்கிறது, வெளியே இருந்து உப்புக் காற்று தின்கிறது. ஸ்லரி மட்டம் ஏறி இறங்கும் அந்த ஒரு சாண் அகலப் பட்டைதான் முதலில் போகும். அந்த இடம் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கொண்டே இருப்பதால். கைவிரலால் சுரண்டினால் தகடு தகடாக உரிந்து வரும், அடியில் ஊசித் துளைகள் தெரியும். வருஷம் ஒரு முறை டிரம்மைத் தூக்கி, சுரண்டி, தார் வகை பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பது விதி. அதைத் தூக்குவதற்கே நாலைந்து ஆள் வேண்டும் என்பதால் இரண்டாம் வருஷம் தள்ளிப்போகும், மூன்றாம் வருஷம் மறந்துபோகும். மண்டபம், தொண்டி, கீழக்கரை போல அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் இரும்பு டிரம் கட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கண்ணாடியிழை டிரம் விலை கூடத்தான், ஆனால் துருப் பிடிக்காது.

இன்னொரு வழி, 1984இல் அஃப்ரோ என்ற அமைப்பு கொண்டுவந்த தீனபந்து. முழுக்கச் செங்கல், சிமெண்ட், இரும்பே கிடையாது, குவிமாடம் போல மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். துருப் பிரச்சினை போய்விடுகிறது. பதிலுக்கு, கொத்தனாரின் கைவாகு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடும், காலையில் ஏன் என்றே தெரியாது. கரையோரத்தில் தோண்டினால் சீக்கிரமே தண்ணீர் ஊறும். அந்த உவர் நீரில் உள்ள சல்பேட் சாதா சிமெண்டை அரிக்கும். அதனால் சாம்பல் கலந்த சிமெண்ட் (பி.பி.சி.) அல்லது இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட்தான் போட வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் இடங்களில், கலனை முழுக்கக் காலி செய்து வைத்தால் கீழிருந்து தண்ணீர் தூக்கிவிடவும் கூடும். கழுவும் வேலையைக் கோடையில் வைத்துக்கொள்வது நல்லது. சமீப காலமாக ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பை வகையும் வருகிறது. நட்டுவைப்பது சுலபம்தான், ஆனால் நம் வெயிலும் ஆட்டுக் கொம்பும் எலியும் அதை எத்தனை நாள் விட்டுவைக்கும் என்று யோசித்து வாங்க வேண்டும்.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தில் எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கும் இடம். தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் போவதைப் பார்க்காமல் எந்தக் கிராமத்தையும் தாண்ட முடியாது. கடலாடிப் பக்கம் ஓர் அக்காவிடம் ஏன் கலனை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். "தம்பி, சாணி இருக்கு, இல்லேங்கல. அதைக் கரைக்க நாளைக்கு நாலு கொடம் தண்ணிக்கு நான் எங்க போவேன்? குடிக்கிறதுக்கே காசு குடுத்து வாங்குறோம்" என்றார். 50 லிட்டர் என்பது புத்தகத்தில் ஒரு எண். அவருக்கு அது தலையில் ஏறும் நாலு குடம்.

அப்படியானால் கிணற்றில் கிடக்கும் உவர் நீரை ஊற்றலாமா? அளவு தெரிந்தால் ஊற்றலாம். மீத்தேன் கூட்டத்துக்கு, லிட்டருக்கு 3.5 கிராமுக்கு மேல் சோடியம் போனால் திணறல் தொடங்கும். 8 கிராமைத் தொட்டால் ஏறக்குறைய நின்றுவிடும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 10.7 கிராம் சோடியம் இருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கடல் நீர் கலந்த அளவுக்கு உப்பேறிய கிணறு என்று வைத்துக்கொள்வோம்: 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல். சாணத்தோடு பாதிக்குப் பாதி சேரும்போது அது 1 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கலன் தாங்கும். அதுவும் ஒரே நாளில் மாற்றாமல், நல்ல தண்ணீரோடு கலந்து வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போனால் நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும். மாடு முகம் சுளிக்காமல் குடிக்கிற உவர் நீர் கலனுக்கும் சரிப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். கடல் நீரை அப்படியே ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது.

ஆனால் உப்பின் வேலை சோடியத்தோடு முடியவில்லை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்பேட் உண்டு. சல்பேட்டைத் தின்னும் வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் கலனுக்குள் கிளம்பி, மீத்தேன் கூட்டத்தின் சாப்பாட்டைப் பங்கு போட்டுக்கொண்டு, பதிலுக்கு ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கும். மேலே சொன்ன கிணற்று நீர் 50 லிட்டரில் 27 கிராம் சல்பேட் வரும். அத்தனையும் மாறினால் அன்றைய 2,000 லிட்டர் வாயுவில் 7 லிட்டர் வரை ஹைட்ரஜன் சல்பைடு கூடுதலாகச் சேரும். சாதாரணமாகச் சாண வாயுவில் இருப்பதே 0.1 முதல் 0.3 சதவீதம்தான், இது அதற்கு மேல் இன்னொரு 0.35 சதவீதம். நாற்றம் கூடும், பர்னர் அரிக்கும், டிரம் இரும்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். வாயு போகும் குழாயில் ஒரு முழ நீளத்துக்குத் துருப்பிடித்த இரும்புச் சீவலை அடைத்து வைத்தால் இதில் பெரும்பகுதி பிடிபடும். லேத் பட்டறையில் தூக்கிப்போடும் சீவலே போதும். கறுத்துப்போனதும் வெளியே எடுத்துக் காற்றில் பரப்பினால் மறுபடி செம்பழுப்பாகி வேலைக்கு ஆகும். அப்படிப் பரப்பும்போது சூடேறும், அதனால் வைக்கோல் பக்கத்தில் வைக்கக் கூடாது.

நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க வேறு வழியும் உண்டு. தொழுவம் கழுவும் நீரையும் மாட்டு மூத்திரத்தையும் ஒரு வாய்க்கால் வெட்டிக் கரைக்கும் தொட்டிக்கே கொண்டுவந்துவிடலாம். வீட்டில் அரிசி களைந்த நீர், காய் கழுவிய நீர் எல்லாம் போகலாம். சோப்பு, பினாயில் கலந்தது மட்டும் போகக் கூடாது. ராஜஸ்தான் போன்ற வறண்ட ஊர்களுக்காக, தண்ணீர் அதிகம் சேர்க்காமல் சாணத்தைக் கெட்டியாகவே போடும் தீனபந்து வடிவத்தையும் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் அதைத்தான் முதலில் பரப்பியிருக்க வேண்டும்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கரையோரத்தில் மாடு கட்டுவது மணல் தரையில். வழித்தெடுக்கும் சாணத்தோடு கைப்பிடி கைப்பிடியாக மணலும் வரும். கரைக்கும் தொட்டியில் கையை விட்டுத் துழாவினால் அடியில் நறநறவென்று தட்டுப்படும். அந்த மணல் கலனுக்குள் போனால் வெளியே வராது. வருஷக்கணக்கில் படிந்து, கலனின் கொள்ளளவைக் குறைத்துக்கொண்டே போகும். கரைக்கும் தொட்டியின் தரையைக் கலன் பக்கம் சாய்க்காமல் எதிர்ப்பக்கம் சாய்த்துக் கட்டி, கரைத்த பிறகு கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, மேலாக உள்ளதை மட்டும் திறந்துவிட்டால் மணல் தொட்டியிலேயே தங்கும். தொழுவத்துக்குச் சிமெண்ட் தளம் போடுவது இன்னும் நல்லது. சாணமும் முழுசாகக் கிடைக்கும்.

இனி ஸ்லரி. என் பார்வையில் கலன் கட்டுவதற்கு உண்மையான காரணமே இதுதான், வாயு அதோடு வருகிற லாபம். 100 கிலோ கரைசல் உள்ளே போனால் வாயுவாக வெளியேறுவது இரண்டரை கிலோவுக்குள். மிச்சம் அத்தனையும் ஸ்லரியாக வெளியே வரும். போனது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) எதுவும் வாயுவில் போவதில்லை. வரட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். குப்பைமேட்டில் திறந்து போட்டால் வெயிலிலும் மழையிலும் ஒரு பங்கு கரையும், கூடவே கொஞ்சம் மீத்தேனும் சும்மா வானத்துக்குப் போகும். நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. கலனில் போட்டால் அடுப்பும் எரியும், சத்தும் நிற்கும். நாளைக்கு 50 கிலோ சாணத்தில் 150 கிராமுக்குக் குறையாத தழைச்சத்து உண்டு. வருஷத்துக்கு 55 கிலோ. யூரியாக் கணக்கில் சொன்னால் இரண்டு மூட்டைக்கு மேல். யூரியாவில் இல்லாத மக்கும் பொருளும் கூடவே இருக்கிறது. நம் மணல் நிலத்துக்கு அதுதான் அதிகம் தேவை.

செரித்த ஸ்லரியில் தழைச்சத்தின் ஒரு பகுதி அம்மோனியமாக மாறியிருக்கும். அதனால் பயிர் உடனே எடுத்துக்கொள்ளும். ஆனால் அதே காரணத்தால் வெயிலில் பரப்பிக் காய வைத்தால் அது ஆவியாகிப் போய்விடும். இங்கே ராமநாதபுரத்தின் முக்கியமான சிக்கல் வருகிறது. ஸ்லரி தினமும் வருகிறது. நிலமோ வருஷத்தில் ஒரு முறைதான் வாங்குகிறது. வானம் பார்த்த பூமி இது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில். புழுதியில் நெல் விதைப்பதற்கு முன்னால் ஆடி, ஆவணியில் குப்பை அடிப்பார்கள், அவ்வளவுதான். மிச்ச மாதங்களில் வரும் ஸ்லரியை என்ன செய்வது? நிழலில் ஒரு குழி வெட்டி, சருகு, கூளம், மிளகாய்ச் செடி நறுக்கு, பதர் எல்லாவற்றையும் அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஸ்லரியை ஊற்றி மண் போட்டு மூடிக்கொண்டே வர வேண்டும். காய்ந்த கூளம் அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆடியில் எடுக்கும்போது கறுத்து, பொலபொலவென்று, நாற்றமில்லாமல் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு இந்தக் குப்பையைப் போட்டுப் பார்க்கலாம்.

களைவிதை செத்துவிடும் என்று சொல்லிக் கலனை விற்பவர்கள் உண்டு. மெல்லிய தோல் விதைகள் பெரும்பாலும் முளைப்பை இழக்கும், உண்மைதான். கெட்டித் தோல் விதைகள் தப்பிவிடும். சீமைக் கருவேல நெற்றைத் தின்ற மாட்டின் சாணம் என்றால் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும்.

ஆட்டுச் சாணத்தை இந்தப் பேச்சில் சேர்க்காமல் விடுவதே நல்லது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வயலில் கிடை போடுகிறார்கள். ராத்திரி முழுக்க ஆடு நிலத்திலேயே புழுக்கையும் மூத்திரமும் விடும். காலையில் உழுதுவிட்டால் எல்லாம் மண்ணுக்குள். தூக்குக் கூலி இல்லை, தண்ணீர்ச் செலவு இல்லை, சத்தும் அதிகம் வீணாகவில்லை. அந்தப் புழுக்கையைப் பொறுக்கி, ஊறவைத்து, நசுக்கிக் கலனில் போட்டு வாயு எடுப்பதில் எந்த லாபமும் இல்லை. நன்றாக நடந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டைக் கலைக்க வேண்டாம்.

பயிரை வாயுவுக்காக வளர்ப்பது பற்றி இப்போது நிறையப் பேச்சு அடிபடுகிறது. 2018இல் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்துக்குப் பிறகு, வாயுவைச் சுத்திகரித்து அழுத்தி வாகன எரிபொருளாக விற்கும் ஆலைகள் வருகின்றன. அவற்றுக்கு நேப்பியர் என்ற தீவனப் புல் பயிரிடுங்கள் என்று விவசாயிகளிடம் சொல்கிறார்கள். காரணம் புரிகிறது. ஒரு டன் மாட்டுச் சாணக் கரைசலில் 25 கன மீட்டர் வாயு வந்தால், பசுமையாக நறுக்கி ஊறல் போட்ட மக்காச்சோளத் தட்டை ஒரு டன்னில் 200 கன மீட்டர் வரும். மாடு ஏற்கெனவே தின்று சத்தை எடுத்துவிட்ட மிச்சம்தானே சாணம்! ஜெர்மனி இந்த வழியில் வெகுதூரம் போனது. 2004இல் எரிசக்திப் பயிர்களுக்குத் தனி ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பண்ணைதோறும் கலன் முளைத்து எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியது. கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் மட்டுமே தெரிந்தது, நிலக் குத்தகை ஏறியது, ஊரில் எதிர்ப்பும் கிளம்பியது. 2012இல் சட்டத்தைத் திருத்தி, புதுக் கலன்களில் மக்காச்சோளமும் தானியமும் 60 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றார்கள்; பின்னர் அதையும் படிப்படியாகக் குறைத்தார்கள்.

வருஷம் முழுக்க மழை பெய்யும் நாட்டிலேயே அந்தக் கதி என்றால், நம் கரையில் நேப்பியருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? இங்கே விளையும் ஒவ்வொரு தட்டைக்கும் ஒரு வாய் காத்திருக்கிறது. நெல் வைக்கோலும் சோளத் தட்டையும் கோடையில் மாட்டைக் காப்பாற்றுகிற சொத்து. அதைக் கலனில் போட்டால் மாடும் போகும், சாணமும் போகும். பருத்திமார், பனைமட்டை, கருவேலங்குச்சி எல்லாம் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் மிகுந்த கட்டை வகை. காற்றில்லாத கலனில் அவை செரிக்கவே செரிக்காது. அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும்தான் சரி. ஆகவே இந்தக் கரையில் வாயுவுக்கென்று பயிர் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விற்காமல் அழுகிப்போகும் காய், கெட்ட பழம், மீந்த சோறு, கஞ்சி இவற்றைச் சாணத்தோடு பத்தில் ஒரு பங்கு என்று சேர்த்துக்கொள்ளலாம். கிலோவுக்குக் கிலோ சாணத்தைவிட இவை பல மடங்கு வாயு தரும். ராமேஸ்வரத்தில் யாத்ரீகர்களுக்குச் சமைக்கிற மடங்களும் விடுதிகளும் தினமும் கொட்டும் சாப்பாட்டுக் கழிவு தனியாகவே ஒரு நல்ல கலனை ஓட்டும்.

கடற்பாசி? மண்டபம், பாம்பன் கடலோரத்தில் கப்பாபைகஸ் என்ற பாசியை வளர்க்கும் பெண்களுக்கு அது விற்கிற சரக்கு. வாயுவுக்குப் போடுவது நஷ்டம். கரையில் ஒதுங்கும் பாசியிலும் உப்பும் கந்தகமும் மிகுதி. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், மறுபடியும் குடக் கணக்குதான். மீன் கழிவில் புரதம் அதிகம், வாயு நன்றாக வரும், ஆனால் அம்மோனியா ஏறிக் கலனைத் திணறடிக்கும். ஒரு கூடை சாணத்துக்கு ஒரு கை போதும். கருவாட்டுக் கழிவு, உப்புப் போட்டதாகையால், வேண்டவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு எங்கேதான் கட்டுவது? என்னைக் கேட்டால் உச்சிப்புளி, இருமேனி, பிரப்பன்வலசை, தங்கச்சிமடம் என்று நீளும் மணல் பட்டையைக் கைகாட்டுவேன். மணலுக்கடியில் ஆழமில்லாமல் கிடக்கும் நல்ல ஊற்று நீர், அதை நம்பி நிற்கும் தென்னை, மல்லிகைக் கொல்லைகள், தோப்பு நிழலில் கட்டிப்போட்டு வளர்க்கும் கறவை மாடுகள். மூன்று கேள்விக்கும் அங்கே பதில் உண்டு: சாணம் கட்டுத்தறியிலேயே கிடைக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஸ்லரியை வருஷம் முழுக்கத் தினமும் வாங்கிக்கொள்ள மரமும் செடியும் இருக்கின்றன. மணல் எருவைப் பிடித்து வைக்காது, அதனால் மொத்தமாகப் போடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் ஊற்றுவதே அந்த மண்ணுக்குப் பொருத்தம். வெளியேற்றும் தொட்டியிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாசன நீரோடு சேர்த்துவிட்டால் தூக்கிச் சுமக்கும் வேலையும் இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் மட்டும் கொண்டுபோகக் கூடாது. அந்த ஊற்று நீர்தான் குடிநீரும்.

உள்நாட்டுக் கண்மாய்ப் பாசன ஊர்களில் நாட்டு மாடு மேய்ந்து வரும் வீடுகளுக்கு, தனித்தனிக் கலன் பெரும்பாலும் சரிவராது. அங்கே இன்னொரு தடையும் உண்டு. சீமைக் கருவேலம் வேலி தாண்டி வாசல் வரை வந்து நிற்கிறது; விறகுக்குப் பஞ்சமே இல்லை. முள்ளில் கை கிழிய வெட்டி, தலையில் சுமந்து, புகையில் கண் எரியச் சமைப்பது யார் என்று பார்த்தால் அந்த விறகு இலவசம் இல்லை என்பது விளங்கும். வீட்டில் முடிவெடுப்பவர் வேறு ஆளாக இருப்பதால் அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். குழாய் கசிகிறதா என்று சோப்பு நுரை போட்டுத்தான் பார்க்க வேண்டும், தீக்குச்சி கிழித்துப் பார்க்கக் கூடாது. அதைவிட ஆபத்து, கலனுக்குள் ஆள் இறங்குவது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு மிஞ்சினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. உள்ளே ஆக்சிஜனும் இருக்காது. முதலில் இறங்கியவர் சாய்வார், காப்பாற்றப் போனவரும் சாய்வார். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் வெளியே நின்றே பம்ப் வைத்து எடுக்க வேண்டும். எத்தனை அவசரமானாலும், எவ்வளவு கூலி கொடுத்தாலும் யாரையும் உள்ளே இறக்கக் கூடாது.

மானியம் பற்றி ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். 2021 முதல் 2026 வரைக்கான மத்திய அரசின் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில் சிறு கலன்களுக்கும் உதவித்தொகை வைத்திருந்தார்கள். ஆனால் மானியம் கலன் கட்டுவதோடு நின்றுவிடுகிறது. மூன்றாம் வருஷம் குவிமாடத்தில் விரிசல் விழுந்தால் பூசத் தெரிந்த கொத்தனார் ஒன்றியத்துக்கு ஒருவராவது வேண்டும்; அவருக்குப் பயிற்சியும் நிரந்தர வேலையும் கொடுப்பது, புதிதாகப் பத்துக் கலன் கட்டுவதைவிடப் பயன் தரும். கட்ட நினைக்கிறவர்கள் அவசரப்படாமல், சித்திரை மாதத்தில் ஒரு வாரம் தினமும் காலையில் தொழுவத்துச் சாணத்தைக் கூடையில் அள்ளித் தராசில் வைத்துப் பாருங்கள். கரைக்கப் போகிற தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து மாட்டுக்கு முன்னால் வையுங்கள். எடை 25 கிலோவைத் தாண்டாவிட்டால் 1 கன மீட்டருக்கு மேல் யார் சொன்னாலும் கட்டாதீர்கள். மாடு வாளியை முகர்ந்துவிட்டு ஒதுங்கினால், முதலில் தண்ணீருக்கு வழி பாருங்கள், கலனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.